எண் நிற்கும்வரை

காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது
என் ஜெபம் அவ்வளவு நீளமில்லை.
"ஆண்டவரே, இன்றைக்கும்" என்று தொடங்குவேன்.
அதற்குள் தாராபுரம் ரோட்டிலிருந்து
ஒரு லாரி ஹாரன் அடித்துவிடும்.
மீதியை அவரே முடித்துக்கொள்வார்.

அறுபது டன் எடைமேடை.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும்.
காலி வண்டி ஒருமுறை, லோடோடு ஒருமுறை,
கழித்தால் சரக்கு.
ஒன்பது வருஷமாக இந்தக் கழித்தலில்தான்
என் வீட்டு உலை கொதிக்கிறது.

ஆடி பிறந்தால் கொஞ்சம் சிரமம்.
பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்ட காற்று
ஊதியூர் மலையை உரசிக்கொண்டு வந்து
தார்ப்பாயைப் பிடித்து உலுக்கும்.
சிவப்பு எண்கள் நடுங்கும்:
21340, 21380, 21320.
எண் நிற்கும்வரை பட்டனைத் தொடக் கூடாது.
இதைச் சொல்லித் தந்தவர் முதலாளி,
கிருத்திகை தவறாமல் சிவன்மலை ஏறுகிறவர்.
எந்தப் பிரசங்கத்திலும் நான் இதைக் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை நல்லசிவம் வந்தான், கொப்பரை லோடு.
"ஏனுங் தபித்தாக்கா,
காலி வண்டியில ஒரு நூறு கிலோ கொறைச்சுப் போடுங்.
மில்லுக்காரன் ஒண்ணும் நொடிஞ்சு போயிர மாட்டான்."
கண்ணாடிச் சந்தில் ஓர் ஐநூறு ரூபாய் நுழைந்தது.
பையனுடைய பாலிடெக்னிக் பீஸ் பாக்கி
அந்த நோட்டுக்குத் தெரியும் போல,
அங்கேயே படுத்துக் கிடந்தது.
ஸ்கேலால் திருப்பித் தள்ளினேன்.
"போச்சாதுங்க்கா" என்று சிரித்தபடி
ரசீதை வாங்கிக்கொண்டு போனான்.

நடந்தது அவ்வளவுதான்.
ஆனால் அதற்கப்புறம்
என் தலைக்கு மேல் ஒரு சின்ன பல்பு எரிவதாக
எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது.
ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல
வாக்கியங்கள்கூட அடுக்கிவிட்டேன்.

மூன்று மணிக்கு ஜோகேந்திரா வந்தான்,
பக்கத்துக் களத்தில் கொப்பரை புரட்டுகிற ஒரிசாக்காரன்.
கந்தகப் புகையில் கண் சிவந்திருந்தது.
போனை நீட்டினான், சார்ஜ் போட.
அந்த வாரத்தில் அது நாலாவது தடவை.
"இதென்ன உங்கப்பன் வீட்டுக் கரண்டா?"

எண் ஆடிக்கொண்டிருக்கும்போதே
பட்டனை அழுத்திவிட்டேன்.

அவனுக்குத் தமிழ் அரைகுறை.
அப்பன் என்ற சொல் மட்டும்
முழுசாகப் புரிந்தது.

இருட்டியதும் காற்று விழுந்தது.
யாருமில்லாத மேடையில் ஏறி நின்றேன்.
வெளியே தொங்கும் பலகையில் 60 என்றது.
செருப்போடு, சாப்பாட்டு டப்பாவோடு அறுபது.
நான் மத்தியானம் சொன்னது
அந்த மேடைக்கு எட்டாத எடை.
வீட்டில் முழங்காலிட்டு
பிதாவே என்று வாயெடுத்தேன்.
அப்பன் வீட்டுக் கரண்டுதான் எல்லாம் என்று
அப்போதுதான் உறைத்தது.
அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை.

புதன்கிழமை காங்கேயத்தில் இறங்கி
நூற்றெண்பது ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கினேன்.
முதலாளியிடம் சொல்லிவிட்டு
ஜன்னலுக்கு வெளிப்பக்கம், மழை படாத இடத்தில்
ஆணியடித்து மாட்டினேன்.
எனக்குத் தெரிந்த இந்தி நாலு சொல்,
அதில் மன்னிப்பு இல்லை.
"தப்பு. எம்மேல" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
போனைச் செருகிவிட்டுக் களத்துக்குப் போனான்.
சிரிக்கவில்லை.
சிரிக்க வேண்டிய கடன் அவனுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை
சாட்சி உண்டா என்று போதகர் கேட்டபோது
பாட்டுப் புத்தகத்தின் கிழிந்த ஓரத்தை
ஒட்டுவது போல நீவிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் காற்று இன்னும் பலம்.
வண்டி மேடையில் நிற்கிறது, டிரைவர் அவசரப்படுகிறார்.
பட்டனுக்கு மேலே என் விரல்.
"இரு, இரு" என்கிறேன்.
மரியாதை குறைந்ததே என்று அவர் முறைக்கிறார்.
ஐயா, அது உங்களுக்குச் சொன்னது இல்லீங்.