ஏழாவது கேள்வி

காரணம் என்ற இடத்தில்
பன்றி என்று எழுதினேன்.
பரப்பு: ஒன்றரை ஏக்கர் கச்சான்.
ஊர்: ஒலுமடு.
ஏழாவது கேள்வி,
முன்பு துவக்குப் பழக்கம் உண்டா.
பேனை அதில் கொஞ்சம் நின்றது.
பின்னால் வரிசையில் நின்ற ஆள் இருமினார்.
சின்னக் கோடு ஒன்று இழுத்துவிட்டு
எட்டாவதுக்குப் போனேன்.

ஐந்து மாதம் கழித்துக் கைக்கு வந்தது.
மருந்து இல்லை, காற்றுத்தான்.
ஆனால் குழல் வாய்க்குள்
என் சுண்டுவிரல் நுழையும்.
கூடவே ஒரு பம், சைக்கிள் பம்முக்குப் பெரியண்ணன்.
காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு
நூற்றியிருபது தரம் அமுக்க வேணும்.
எண்பதோடு என் மூச்சு முடிந்துவிடும்.
அதன் மூச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

குண்டுதான் விலை.
பன்றி தின்னும் கச்சானைவிட
பன்றிக்கு வைக்கும் குண்டு விலை.
"நீங்களே வாருங்கோவன்" என்றான் றெஜினோல்ட்,
மாங்குளம் சந்தியில் ரயர் கடை வைத்திருப்பவன்.
சில்லுக்கு நிறை சரிபார்க்க அடிக்கிற ஈயத்துண்டு
பால்மா ரின் நிறையத் தந்தான்.
காசு வேண்டாமாம்,
விழுந்தால் ஒரு தொடை போதுமாம்.

வளவின் பின்பக்கம் மூன்று கல்,
பாலை விறகு,
இனிச் சமையலுக்கு ஆகாத ஒரு தாச்சி.
மழை இருட்டுகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டேன்,
ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும்
ஈயம் முகத்துக்கு எழும்பும்.
மற்றபடி அது சத்தமில்லாமல் உருகுகிற சாமான்.
சாம்பல் நிறத்தில் ஒரு தோல் போர்த்துக் கிடக்கும்.
கரண்டியால் விலக்கினால்
உள்ளே யாரோ கண் திறந்ததுபோல.

முதல் குண்டு வற்றல்போலச் சுருங்கி விழுந்தது.
அச்சுச் சூடேறவில்லை.
இரண்டாவதுக்குப் பாதி மூக்கு இல்லை.
எட்டாவதோ ஒன்பதாவதோ
மடித்த சாக்கில் தொப்பென்று விழுந்து
உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது.
சிரித்துவிட்டேன்.

அப்போதுதான் தவக்குமாரன் வந்தான், ஒரு உரப்பையோடு.
"அக்கா, இதையும் போடுங்கோ.
உழேக்கை கிளம்பினது. சும்மா கிடக்கிற ஈயம்தானே."

கொட்டினான்.
பச்சை பிடித்த செம்பு, வேர், மண்கட்டி,
ஒரு சட்டைப் பொத்தான்.
என் விரல்கள் பிரிக்கத் தொடங்கியதை
நான் பிறகுதான் கண்டேன்.
தலை நசுங்கினது ஒரு பக்கம்:
எதிலோ பட்டது.
நசுங்காதது மறுபக்கம்:
மண்ணோடு போனது.
சுடாமலே கிடந்தது மூன்று.
அதைத் தொடாமல், மூச்சை இறுக்கி,
அவனைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"இதிலை ஒண்டும் அடுப்புக்குப் போகாது.
எது செத்தது, எது உயிரோடை எண்டு உனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

தாச்சிக்குள் ஈயம் மறுபடி தோல் போர்த்தது.
நான் விறகை வெளியே இழுத்தேன்.

அந்த மூன்றையும் எடுத்துப் போக
நாளைக்கு ஆட்கள் வருவார்கள்.
படிவம் ஒன்று அவர்களிடமும் இருக்கும்.

இரவு பதினொன்றரைக்கு வரம்போரம் உறுமல்.
நிலவில் நாலு முதுகு.
தோளில் வைத்தபோது
தோளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது,
கன்னத்தை எங்கே சாய்ப்பது,
எந்த மூச்சின் முடிவில் விரலை மடக்குவது.
வெற்றிலை துப்பினதுபோல ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.
அதற்கே எதிர்வீட்டு விளக்கு அணைந்தது.
பிறகு அதற்கடுத்த வீடு.
பிறகு தவக்குமாரன் வீடு.
பன்றிகள் காட்டுக்குள் போனபிறகும்
ஒருவரும் விளக்கைத் திரும்பப் போடவில்லை.

காலையில் பாலை மரத்தில் கத்தி வைத்துத் தோண்டினேன்.
ஈயத்தை வீணாக்கக் கூடாது,
றெஜினோல்ட்டும் சும்மா சும்மா தரமாட்டான்.
உள்ளங்கையில் விழுந்தது.
தலை நசுங்கியிருந்தது.
மரத்தில்தான் பட்டது, எனக்குத் தெரியும்,
தோண்டி எடுத்தவளே நான்.
ஆனாலும் ரின்னுக்குள் போடமுதல்
கிணற்றடிக்குக் கொண்டுபோய்
இரண்டு தரம் கழுவினேன்.