நாற்பத்தொரு விளக்கு

ஞாயிறு காலை ஏழு மணி, கடலூர் முதுநகர் மார்க்கெட்.
சாக்கு மேல பதினோரு தலை, நாற்பத்திநாலு காலு.
பாண்டியிலேர்ந்து பஸ் பிடிச்சு வந்து நின்னாரு அமலோர்,
பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரு,
கையில பூதக்கண்ணாடி.

"அந்த ப்ளோ லேம்பைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?"

அணைச்சேன்.
பொண்ணு பார்க்க வந்தவரு கணக்கா
கைக்குட்டையால பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.
கரியைச் சுரண்டினாரு, உள்ளேயிருந்து பித்தளை இளிச்சுது.
சுவீடன்ல செஞ்சதாம். நூறு வயசுக்கு மேலயாம்.
பனி கொட்டுற ஊரு; சன்னல்ல பழைய பெயின்ட்டை உரிக்க
எவனோ நெருப்புக்குக் காத்தடிச்சிருக்கான்.

"பம்பைப் பாருங்க, கைப்பிடிக்குள்ளயே ஒளிச்சு வச்சிருக்கான்.
குழாயைப் பாருங்க, எரியுற தீயே
அடுத்த சொட்டு எண்ணெயை ஆவியாக்கித்
தனக்குத்தானே ஊட்டிக்குது."

"அஞ்சலாட்சி, என் தலை எப்ப?"
வரிசையில ஒரு குரல்.

மேல இருக்கிற கொக்கியில என்ன வைப்பீங்கன்னாரு.
கத்தி.
ஈயம் பத்தவைக்கிற இரும்பு காயுற இடமாம் அது.
தந்தி ஆபீசு கேபிள் குழி எத்தனையோ பார்த்திருக்குமாம்.
இருக்கும்.
நான் காயலான் கடையில எடைக்கு வாங்கினேன்.
குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருந்துச்சு.

"என்கிட்ட நாற்பத்தொண்ணு இருக்கு."
எத்தனை எரியும்?
கண்ணாடியைத் துடைச்சாரு.
"எரிச்சா பித்தளை கறுத்துடுமில்ல."

சரி, இதை நீங்களே பத்த வைங்க.
கிண்ணத்துல ஸ்பிரிட்டு ஊத்தத் தெரிஞ்சுது, பொறுக்கத் தெரியல.
குழாய் காயறதுக்குள்ள பம்பு அடிச்சாரு;
பச்சை மண்ணெண்ணெய் பீச்சிக்கிட்டு வந்து
மஞ்சளா ஆள் உயரம் எழும்பி
இடது புருவத்தை எடுத்துக்கிட்டுப் போச்சு.
அந்த வாசனை இங்க ஒண்ணும் புதுசில்ல.

மார்க்கெட்டே சிரிச்சுது. அவரும்.
எப்பத்தான் அடிக்கணும்?
கிண்ணம் காயற நேரம். ஒரு மூச்சு முன்னயும் இல்ல.
ரெண்டாம் தடவை நீலம் வந்துது, உறுமிக்கிட்டு.
காது மடிப்பு, மூக்கோரம், குளம்பு இடுக்கு...
மிச்சமிருந்த தலைக்கெல்லாம் அவருதான் தீ பிடிச்சாரு,
நான் சுரண்டினேன்.

விலை பேசவே இல்ல. கிளம்பும்போது கேட்டது ஒண்ணுதான்:
பம்பு வாசரு எங்க கிடைக்குது?

எங்கயும் கிடைக்காது.
இது என் இடதுகால் செருப்புல வெட்டினது,
தேங்காயெண்ணெயில ஒரு ராத்திரி ஊறினது.

சாக்குக்கு அடியில வலதுகால் கிடந்துச்சு.
எடுத்துக் கொடுத்தேன்.