இருபதாவது பெண்ணுக்குப் பிறகு

சிலிம் ரிவர் திடலில் மூன்று மணிக்கு
முப்பத்தொரு பெண்கள்.
முதுகில் ஊக்கு குத்திய எண்கள்,
பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்
முந்தின இரவு நான் எழுதியவை.
ஏழாம் எண்ணின் வழியே
பிள்ளையாரின் தும்பிக்கை லேசாகத் தெரிந்தது.

மாவட்ட சாஃப்ட்பால் குழுவுக்குப் பதினைந்து பேர் போதும்.
அதை நான் சொல்லவில்லை.
எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

பிடித்தல், எறிதல், அடித்தல், ஓட்டம்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண்.
பாரத்தில் கட்டங்கள் நேராக இருந்தன.
திடல் அப்படியில்லை.
இரண்டாம் பேஸுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம்,
பாசார் மாலாம் கடைக்காரர்கள் கூடாரக் கம்பி நட்டது.
அதில் பட்டால் எந்தப் பக்கம் எகிறுவது என்று
பந்துக்கே தெரியாது.

ஹோம் பிளேட்டில் மட்டையோடு நான்.
ஆளுக்கு எட்டுத் தரைப்பந்து:
இடம் இரண்டு, வலம் இரண்டு, நேரே மூன்று,
கடைசியாக ஒன்று மெதுவாக,
ஓடி வந்து வெறுங்கையால் அள்ளியெறிய.
பெயர் வரிசைப்படி கூப்பிட்டேன்.

அடிபா குனிவதற்குள் பந்து கால்களுக்கிடையே போனது.
அன்பரசிக்குத் தாடையில் பட்டது.
"ஒண்ணுமில்ல டீச்சர், அடிங்க" என்றாள்.
துப்பினாள், சிவப்பாக இருந்தது.
அடித்தேன். அவளுக்கு இரண்டு.

சான் ஹுய் மின் இடக்கைக்காரி.
அவளுக்கான கையுறை பள்ளியில் ஒன்றே ஒன்று,
அதன் நடுவே எலி கடித்திருந்தது.
பிடித்த பந்துகளில் இரண்டு
பின்பக்கமாக வெளியே வந்தன.
மூன்று என்று எழுதினேன்.
எலிக்குப் பாரத்தில் கட்டமில்லை.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
திடலோரம் நின்றது.
ஓட்டுநர் இறங்கி
வேலிக் கம்பியில் விரல் கோத்துக்கொண்டு
கையுறையில் பந்து விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும்
தலையாட்டினார்.
யாருடைய அப்பா என்று நான் கேட்கவில்லை.

இருபதாவது, ரூபதர்ஷினி.
அவளுக்கு அடித்த நான்காம் பந்தில்
என் மணிக்கட்டு பேசத் தொடங்கியது.
இருபதெட்டு நூற்றறுபது.
நாற்பத்தாறு வயது மணிக்கட்டு.

அதற்குப் பிறகு
எல்லாரும் நன்றாகப் பிடித்தார்கள்.

சங்கமித்ரா நான்கு. சித்தி ஹஜார் நான்கு.
உமைரா ஐந்து.
வைதேகி, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவள், நான்கு.
பேனா சந்தோஷமாக ஓடியது.
பட்டியலின் அடிப்பாதி
மேற்பாதியைவிடக் கெட்டிக்காரப் பாதி என்று
நானும் ஒரு பத்து நிமிடம் நம்பினேன்.

கடைசி, யுகநேசினி.
ஐந்தாம் பந்தைப் பிடித்தவள் எறியவில்லை.
கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.
"டீச்சர், அடிபாவுக்கு அடிச்ச மாதிரி
எனக்கும் அடிங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன்.
பந்து பள்ளத்தில் பட்டு
அவள் காதோரம் பறந்தது.
அடுத்ததும் தவறியது.
எட்டாவது மெதுவாக வர வேண்டியது, வரவில்லை.
வயிற்றால் நிறுத்தி
மண்ணோடு அள்ளி முதல் பேஸுக்கு எறிந்தாள்.
அங்கே நின்றவள் கையுறையைக் கழற்றி
உள்ளங்கையை ஊதிக்கொண்டாள்.

எல்லாரையும் மறுபடி கூப்பிடத் திரும்பினேன்.
ஐந்தரை மணித் தோட்டத்து பஸ்
பன்னிரண்டு பேரோடு போயிருந்தது,
பெரும்பாலும் மேற்பாதி.
எண்களைக் கழற்றி மடித்து,
ஊக்குகளை ஒன்று விடாமல்
மைலோ டப்பாவில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

இப்போது இரவு பத்து.
வலது மணிக்கட்டில் ஐஸ் சுற்றிய துண்டு.
இடக்கையால் எழுதுகிறேன்,
எழுத்து ஒவ்வொன்றும் வழுக்கிப்போகிறது:

பிடித்தல் செல்லாது. சனிக்கிழமை மறுபடி.
கீழிருந்து மேலாகக் கூப்பிடவும்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
இரண்டாவது வரியை அடித்தேன்.
அதன் கீழே:

ஹுய் மின் கையுறை, தைக்கத் தோல் ஊசி.
பந்து அடிக்க வேறு கை தேடவும்.
அந்த லோரிக்காரர் யாரென்று
யுகநேசினியிடம் கேட்கவும்.