காலி வேறு

தை செங், இரவு ஒன்பது நாற்பது.
மருந்தகப் படிவத்தில் ஒவ்வாமைக் கட்டங்கள் பதினொன்று.
இறால், நிலக்கடலை, பென்சிலின்…
திருவாட்டி இங் பெக் கெங்
ஒன்றையும் தொடவில்லை.
பக்கம் சரிந்தது.

காலையிலிருந்து எழுபது பேரின்
தும்மலையும் அரிப்பையும் தாங்கிய நிரல்
ஒரு சுகவாசியிடம் தோற்றது.

பட்டியலை அறிவித்திருந்தேன்,
பெயரும் வைத்திருந்தேன்.
மீதியை ஃபிரேம்வொர்க் ஊற்றிவிடும்
என்று இருந்துவிட்டேன்.
ஊற்ற ஏதுமில்லாத நாளில்
அது ஏனத்தையும் கொண்டுவருவதில்லை.

மத்தியானம்தான் பார்த்தேன்,
உணவங்காடியில் ஆளில்லா மேசை,
நடுவே ஒரு டிஷ்யூ பொட்டலம்.
தட்டில்லை, தண்ணீரில்லை.
ஆனால் கேட்டால் சொல்லும்:
சாப்பிடுகிறவர் பூஜ்ஜியம்.
நானோ
மேசையே போடாத தரையிடம்
தலைகளை எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

தோளுக்குப் பின்னிருந்து
“நியூ?” என்றாள் ஹஸ்லினா.
அவ்வளவுதான், பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு சமக்குறி, ஒரு நியூ, ஒரு அர்ரேலிஸ்ட்,
உள்ளே ஒன்றுமில்லாத இரு வளைவுகள்.
பெக் கெங்கை மறுபடி அனுப்பினேன்.

ஒவ்வாமை: 0.

பச்சை விளக்கு.
அவர் இந்நேரம் எங்கோ
இறால் மீ தின்றுகொண்டிருப்பார்,
கூடுதல் மிளகாயோடு.