உள்ளது உள்ளபடி

பஸ்ஸுக்கு நூற்றி அறுபது ரூபாய்.
சாப்பாடு அவரவர் டப்பாவில்.
ஒப்புதல் கடிதத்தில் அப்பா கையெழுத்தை
மூன்று பேருக்கு ஹேமாவதியே போட்டுக்கொடுத்தாள்;
அன்றைக்கு எங்களில் நல்ல ஓவியர் அவள்தான்.

காவேரிப்பட்டணத்தில் கிளம்பி
கிருஷ்ணகிரி மேம்பாலத்தடியில் டீசலுக்கு நின்று
பர்கூர் தாண்டி ஒரு குன்று.
பெயர்ப்பலகை இல்லை. ஆடுகள் இருந்தன.
வாரத்துக்கு மூன்று அரைநாள் மட்டும் வருகிற
ஓவிய மிஸ் நாகவேணி
தலைகளை எண்ணினார், நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினார், நாற்பது.
பிறகு விட்டுவிட்டார்.
"பார்க்கிறதை வரைங்க.
உள்ளது உள்ளபடி.
தொட்டுடாதீங்க."

பாறை குனிந்து நிழல் வைத்திருந்த இடத்தில்
வெள்ளையாய் ஒருவன், குதிரைமேல்.
கடிவாளமும் கையும் ஒரே கோடு.
குதிரைக்கு ஐந்தாவதாய் இருப்பது வாலா காலா என்று
தேஜாவுக்கும் பைரேசுக்கும் சண்டை.
கோட்டின் அகலம் ஒரு விரல்.
என் சுட்டுவிரலைக் காற்றிலேயே
அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன்.
என் விரல் கொஞ்சம் தடிமன்.

குதிரையின் மூக்குக்கு முன்னால்
ஒரு முழம் தள்ளி
நீல எனாமல் பெயிண்டில்
சிவண்ணா + கெஜலட்சுமி.
கீழே 2006.
கடைசி 'மி' மட்டும் இடம் போதாமல்
மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.
சிவண்ணாவின் காலிலிருந்து ஒரு துளி வழிந்து
பாதி வழியில் காய்ந்திருந்தது.

எல்லோரும் குதிரைக்காரனை வரைந்தார்கள்.
நானும்தான்.
ஆனால் என் அட்டையில் வலது பக்கம் காலி.
பாறையில் அது காலியாக இல்லை.
அரை டப்பா புளிசாதத்துக்கு
ஷபீனாவின் நீல க்ரேயான் கிடைத்தது.

மூன்றாவது வாரம் கிருஷ்ணகிரியில் கண்காட்சி.
சட்டம் வாங்கக் காசில்லை.
மாங்கூழ் ஆலைக்குப் பின்னால் கிடந்த
பெட்டிப் பலகைகளை அறுத்து ஆணி அடித்தோம்.
ஹால் முழுக்க லேசாக மாம்பழ வாசனை.
என் படத்தின் அடிச்சட்டத்தில்
'பெங்களூரா 20 கிலோ' என்று
அச்சு எழுத்து தலைகீழாய் நின்றது.
மாட்டிய இடம் ஃபியூஸ் பெட்டி பக்கம்.

நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"கிறுக்கலை விட்டுட்டு
குதிரையை மட்டும் போட்டிருந்தா
பரிசே கொடுத்திருப்பேன்மா."
இன்னொருவர், "இல்ல சார், இது கான்செப்ட்" என்றார்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
"அங்க இருந்துச்சு சார்" என்றேன்.
எழுதிக்கொண்டு நகர்ந்தார்கள்.
முதல் பரிசு, தோகை விரித்த மயில்.
மயிலை எங்கே பார்த்தார்கள் என்று
யாரும் கேட்கவில்லை.

நான்கு மணிக்குக் கூட்டம் வடிந்தது.
ஒரு கையில் பையனின் தண்ணீர் பாட்டில்,
மறு கையில் அவன் வாங்கிய சான்றிதழ்,
ஒரு அம்மா வேகமாய்ப் போனவர்
ஃபியூஸ் பெட்டியருகே நின்றார்.
பாட்டில் கைமாறியது.
சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது.
சிரிக்கிறாரா, என்னவென்று தெரியவில்லை.

"நீ வரைஞ்சதா?"
ஆமாங்க.
"இன்னும் உரியாம இருக்கா?"
ஆமாங்க. வழிஞ்ச துளிகூட இருக்கு.
அவர் விரல் கண்ணாடியில்லாத தாளுக்கு
ஒரு நூல் தூரத்தில் நின்றது.
தொடவில்லை.
"இந்த மி...
அப்பவே ஏறிப்போச்சு."

வெளியே ஒரு பைக் ஹாரன், இரண்டு தடவை.
பையன் "அப்பா கூப்பிடறாரு" என்றான்.
அவர் கிளம்பி நாலடி போய்த் திரும்பி வந்தார்.
குனிந்து, படத்தின் இடது பக்கத்தை
முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அங்க குதிரை இருந்துச்சா?"