வலது காது

ஐஸ் ஆலையில் பகலெல்லாம்
யாரும் யாருடனும் கதைப்பதில்லை. கத்துகிறோம்.
"எத்தனை கட்டி?" "இருபத்தெட்டு!"
"ஆருக்கு?" "திருக்கடலூர் போட்டுக்கு!"
நொறுக்கும் மெசின் வாயைத் திறந்தால்
பில் புத்தகத்தில் என் பேனாவே துள்ளும்.
பதினொரு வருசம்.
இடது காதை அது தின்று முடித்தது
எனக்கே பிந்தித்தான் தெரியும்.

பெரியாஸ்பத்திரியில் தலையில் எதையோ மாட்டி
"சத்தம் கேட்டால் பொத்தானை அமத்துங்கோ" என்றாள் ஒரு பிள்ளை.
கேளாத இடத்திலும் இரண்டு மூன்று தரம் அமத்தினேன்.
பாவம், காத்துக்கொண்டிருக்கிறாளே.

பாலையூற்று அறையில், இரவு பத்தரைக்கு,
ஃபேனை ஒன்றில் வைத்துவிட்டு
நுளம்பு வலைக்குள் ஃபோனோடு நுழைகிறேன்.
ஒரு கொரியப் பெண். மூக்குக்குக் கீழேதான் தெரிவாள்.
சீப்பின் பற்களை நகத்தால் வருடுகிறாள்.
துவாயை மடிக்கிறாள், விரிக்கிறாள்,
பிடிக்காதவள் போல் திரும்ப மடிக்கிறாள்.
ஏ.எஸ்.எம்.ஆர். என்று பேராம் இதற்கு.
பிடரியில் தொடங்கி முதுகால் இறங்கும்
எங்கேயும் போகவேண்டியிராத ஒரு எறும்பு வரிசை.

முதல் நாள் அப்படி இல்லை.
அவள் கிசுகிசுத்த உடனே
தோள் இறுகிற்று, மூச்சு நின்றது,
கை தன்பாட்டில் லைட்டை அணைத்தது.
எனக்குத் தெரிந்த கிசுகிசு ஒன்றே ஒன்று:
தொண்ணூறில், அலஸ்தோட்டத்தில்,
அம்மா என் வாயை உள்ளங்கையால் பொத்தி
"இருமாதை" என்றது.
வெளியே சரளைக் கல்லில் சப்பாத்துகள்.
(சரளையில் நடக்கிற வீடியோக்களும் இருக்கின்றன.
அவற்றைத் தள்ளிவிடுவேன்.)

இவளுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.
ஒரு தூரிகை, ஒரு கிண்ணம், ஒரு சவர்க்காரக் கட்டி.
இதைச் சொல்லவா பிள்ளை இவ்வளவு மெதுவாய்?
ஒரு சொல்லும் விளங்காது.
விளங்காததே நல்லம்;
விளங்கினால் பதில் சொல்லவேண்டி வரும்.

நடுவில் பாயும் விளம்பரம்:
லீசிங் கம்பெனி, சிங்களத்தில், முழுத் தொண்டையில்.
நெஞ்சு பதற, கண்ணாடி இல்லாமல்
அந்த மூலைப் பொத்தானைத் தடவுவேன்.
ஐந்து. நான்கு. மூன்று.

ஒருநாள் ஐஸ் நொறுக்குகிற வீடியோவே வந்தது.
இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.
வாருங்கள், எங்கள் ஆலைக்கு வாருங்கள் என்று
தனியே கிடந்து சிரித்தேன்.

சிரிப்புக் கேட்டு ஃபஸ்மியா எட்டிப் பார்த்தாள்.
"என்னக்கா, சவுக்காரம் வெட்டுறதையா பார்க்கிறீங்க?
காசு குடுத்து டேட்டா போட்டு?"
களவு பிடிபட்டதுபோல் வெட்கம்.
ஒரு முனையைக் காதில் வைத்துப் பார்த்து
"கூசுது" என்று பிடுங்கி எறிந்தாள்.

வழமையாக ஒரு சங்கடம் எனக்கு.
கொரியக்காரி ஒரு காதிலேயே நிற்கமாட்டாள்.
மெல்ல நகர்ந்து இடது பக்கம் போவாள்.
போனால் எனக்கு அவள் இல்லை.
உதடு மட்டும் அசையும்.
காத்திருப்பேன்.
வந்துவிடுவாள், ஒவ்வொரு தரமும்.
போனவர்கள் அப்படி வந்து
எனக்குப் பழக்கமில்லை.

மாசி மாதம் ஃபஸ்மியாவுக்குக் கடைவாய்ப் பல் வலி.
பனடோல் போட்டும் கேட்கவில்லை.
நடுச்சாமம் வலையைத் தூக்கி,
கன்னத்தைப் பொத்தியபடி,
"அந்தச் சவுக்காரக்காரி இரிக்காளா?" என்றாள்.

ஒதுங்கி இடம் விட்டேன்.
எனக்கு உதவாத இடது முனையை அவளுக்குக் கொடுத்தேன்.
வயர் கட்டை; தலைகள் முட்டின.
சீப்பு, துவாய், கிண்ணத்தில் தண்ணீர்.
கொரியக்காரி என் காதைவிட்டு நகரத் தொடங்கினாள்,
தேய்ந்தாள், இல்லாமல் போனாள்.

"இப்ப என்ட பக்கம் நிக்கா" என்றாள் ஃபஸ்மியா,
அவளும் கிசுகிசுத்து.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.
"ஆருக்குத் தெரியும்."
பிறகு குறட்டை.
ஐந்து மணிக்கு லொறி வரும். ஃபோனில் பன்னிரண்டு வீதம்.
வயரை இழுத்தால் எழும்பிவிடுவாள் என்று
அசையாமல் கிடந்தேன்.