தோட்டப்பாளையத்தில்

தோட்டப்பாளையத்தில் தோட்டம் கிடையாது.
லாட்ஜுகள் உண்டு, அடுத்தடுத்து மருந்துக்கடை,
வங்காளி எழுத்தில் மீன்குழம்பு எழுதிய பலகைகள்.
எங்கள் மொட்டைமாடியில்
நான்கு தண்ணீர்த் தொட்டி, துணிக்கயிறு,
நானே பெயிண்ட் அடித்த அறிவிப்பு:
மாடியில் செடி வைக்கக் கூடாது.

முந்நூற்று நாலு, ஷெஃபாலி மண்டல்,
வரும்போதே முந்தானையில்
விதை முடிந்து வந்திருக்கிறாள்.
கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
மற்ற நாட்களில் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

'பால்குன்' என்றாள், வானத்தைக் காட்டி.
நாள்காட்டியைப் பார்த்தேன். மாசி எட்டு.
பேர் என்னவோ நம் பங்குனியின் பேர்தான்,
அவர்கள் ஊருக்கு மட்டும்
ஒரு மாதம் முந்தியே வந்துவிடுகிறது.
இங்கே வசந்தம் என்று தனியாக ஒன்றும் இல்லையம்மா,
பனி விலகும்,
மறுநாள் செருப்பில்லாமல் மாடி ஏற முடியாது
என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை.

பழைய டயாலிசிஸ் கேன் ஒன்றை
இரண்டாக அறுத்தாள்.
ஆக்ஸா பிளேடு கொடுத்தது நான்தான்,
ஜமீல் பாய்க்குத் தெரிய வேண்டாம்.
மண், பாலாற்றுப் பாலத்தடியில் ஒரு சாக்கு.
உரம், டீக்கடைச் சக்கையும்
தெருமாட்டின் உபயமும்.

பத்தாம் நாள் முளைத்தது,
சிவப்புத் தண்டு, கொடிப்பசலை.
எங்கள் ஊர் மரியாதையும் இருக்கட்டும் என்று
எலவம்பாடி முள்கத்திரி நாற்று
நாலு வாங்கிக் கொடுத்தேன்.
முள் குத்தியதும் அவள் பாஷையில் என்னவோ திட்டினாள்.
எனக்குப் புரிந்தது.
வெயில் தாழ நட்டாள்,
வேரைச் சுற்றி விரலால் அழுத்தி,
ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்துகிற மாதிரி.

பங்குனி பிறந்ததும்
லாரிக்கார ஏகாம்பரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றான்.
அறைக்கு இரண்டு பக்கெட் என்று கணக்கெழுதினேன்.
அரிசி களைந்த தண்ணீர்,
மீன் கழுவிய தண்ணீர்,
அப்புறம் கணவர் குடிக்கக் கூடாத தண்ணீர்:
டாக்டர் அளந்துவிட்ட ஒரு லிட்டருக்கு மேல்
அவர் கேட்கும் ஒவ்வொரு டம்ளருக்கும்
'இதோ' என்று குரல் கொடுத்து
எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவாள்.

கத்திரி மூன்று பட்டுப்போனது.
பசலை துணிக்கயிற்றில் ஏறி
அறிவிப்பில் 'கூடாது'வை விழுங்கியது.

சித்திரை பிறக்க நாலு நாள் இருக்க
அறை காலி. காட்பாடியில் ராத்திரி ரயில்.
சாவியோடு அந்த எவர்சில்வர் டம்ளரையும்
மேஜைமேல் வைத்தாள்.
மாடிப் பக்கம் கை காட்டினாள், அவ்வளவுதான்.
ஆட்டோவில் சாய்ந்தபடி
அவர் என்னிடம் தண்ணீர் கேட்டார்.

'இதோ' என்றேன்.

ஆட்டோ திரும்பும்வரை நின்றுவிட்டு
டம்ளரை நிரப்பி மேலே போனேன்.
மிச்சமிருந்த கத்திரியில்
ஊதாவாக ஒன்று,
தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.